நினைத்தான், நினைக்கவைத்தான், நினைத்தானாம்: ஆங்கிலத்தில் பிறர் மனதைப் பற்றிப் பேசுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் என் வீட்டு வராந்தாவில் மாலை ஐந்தரை மணிக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் நர்சுகள். மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் குளச்சல்காரர்கள் இரண்டொருவர். இலக்கணத்தில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள்கூட ஓரிடத்தில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். இன்னொருவர் மனதைப் பற்றிப் பேசவேண்டிய இடம் அது. ஒருவரை ஒன்றை நம்பவைப்பது, ஒருவர் இன்னது நினைக்கிறார் என்று நாம் சொல்வது, அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது எல்லாம் அதில் அடக்கம்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

'வாட் மேக்ஸ் யூ திங்க் ஸோ?' என்று கேட்டால் கோபமாகக் கேட்கிறார்கள் என்று பொருளா, டீச்சர்?

பெரும்பாலும் இல்லை. நம்முடைய "எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்பதற்குச் சமம். 'ஒய் டூ யூ திங்க் ஸோ?' என்றால் கேள்வி உங்களை நோக்கி வருகிறது. 'வாட் மேக்ஸ் யூ திங்க் ஸோ?' என்றால் உங்களைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்திவிட்டு, உங்களை அப்படி நினைக்கவைத்த காரணத்தைப் பிடித்து விசாரிக்கிறார்கள். அதனால் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்களும் இதையே விரும்புகிறார்கள். ஆனால் குரலைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் 'யூ'வில் அழுத்தம் விழுந்தால் "உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்ற குத்தல் வந்துவிடும்.

'ஹீ மேட் மீ டு திங்க்' என்று எழுதினால் ஏன் அடித்துத் திருத்துகிறீர்கள்?

'மேக்' என்ற வினைக்குப் பிறகு 'டு' வராது என்பதால். 'ஹீ மேட் மீ திங்க்', அவ்வளவுதான். அதே வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக்கினால் விரட்டிவிட்ட 'டு' திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'ஐ வாஸ் மேட் டு திங்க்'. இதற்குக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பத்து முறை சொன்னால் நாக்கு கற்றுக்கொள்ளும். 'சஜஸ்டட் மீ டு கோ' என்பதும் தவறு. 'சஜஸ்டட் தட் ஐ கோ' என்று எழுதுங்கள்.

மேக், கெட், ஹேவ், லெட், பெர்சுவேட்: எல்லாமே 'வைத்தார்'தானே? ஏன் ஐந்து?

பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் வரும் உதயகிரிக் கோட்டையை வைத்துச் சொல்கிறேன். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் டி லன்னாய். பின்னாளில் அவரே திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. பள்ளியில் இதைப் படித்திருப்பீர்கள்.

இப்போது "மன்னர் டி லன்னாயைப் பயிற்சி கொடுக்கவைத்தார்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். 'த கிங் மேட் ஹிம் ட்ரெய்ன் த சோல்ஜர்ஸ்' என்றால் கைதிக்கு வேறு வழி இல்லை, கட்டாயம். 'காட் ஹிம் டு ட்ரெய்ன்' என்றால் நயந்தோ பயமுறுத்தியோ எப்படியோ இசையவைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார். 'ஹேட் ஹிம் ட்ரெய்ன்' என்றால் வேலையை ஒப்படைத்தார், நடந்தது. இதில் இழுபறியே இல்லை, அதிகாரியும் பணியாளும் போல. 'லெட் ஹிம் ட்ரெய்ன்' என்றால் டி லன்னாய்க்கே ஆசை இருந்தது, மன்னர் குறுக்கே நிற்கவில்லை. 'பெர்சுவேடட் ஹிம் டு ட்ரெய்ன்' என்றால் உட்காரவைத்துப் பேசி மனதை மாற்றினார். ஐந்து வினைக்கும் ஐந்து வரலாறு. இலக்கணத்துக்கு ஐந்தும் சம்மதம். எது நடந்தது என்பதை மட்டும் வரலாறு தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தமிழ் இந்தச் சுமையை வினைக்கு முன்னால் வரும் சொற்களிடம் கொடுத்துவிடுகிறது. வற்புறுத்தி, நயமாகப் பேசி, கட்டளையிட்டு என்று ஏதாவது சேர்த்துவிட்டு, கடைசியில் 'வைத்தார்' என்று ஒரே முடிச்சுப் போடுகிறோம். ஆங்கிலத்தில் முடிச்சே ஐந்து விதம். முன்னால் விளக்கம் சேர்க்காமல் 'மேட்' என்று மட்டும் எழுதிவிட்டால், நீங்கள் கட்டாயத்தைச் சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "என் அம்மா என்னை நர்சிங் படிக்கவைத்தார்" என்று பெருமையாகச் சொல்ல நினைத்து 'மை மதர் மேட் மீ ஸ்டடி நர்சிங்' என்று நேர்முகத் தேர்வில் சொன்ன பெண்ணிடம், "உங்களுக்கு இந்த வேலை பிடிக்காதா?" என்று கேட்டார்களாம். அவள் சொல்ல நினைத்தது 'என்கரேஜ்டு மீ டு'.

'கன்வின்ஸ்' எங்கே என்று கேட்பீர்கள். 'கன்வின்ஸ்' கருத்தை மாற்றும். 'பெர்சுவேட்' காரியத்தில் இறக்கும். பழைய இலக்கண ஆசிரியர்களின் கணக்கு அது. இன்றைக்கு ஆங்கிலேயரே இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். தேர்வில் மட்டும் பழைய கணக்கோடு இருங்கள்.

'ஐ வாஸ் லெட் டு பிலீவ்' என்பதும் 'ஹீ லெட் மீ பிலீவ்' என்பதும் ஒன்றுதானே? எழுத்தும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

தமிழில் எழுதினால் ஒன்று. குழப்பத்தின் வேரே அங்கேதான். நமக்கு ஒரே 'ட்'. ஆங்கிலத்தில் முதல் 'லெட்' முடியும்போது தொண்டை அதிர வேண்டும். 'லீட்', அதாவது வழிநடத்து என்பதன் இறந்தகாலம் அது. இரண்டாவது 'லெட்' வெட்டினாற்போல நிற்கும். அது விட்டுவிடு, தடுக்காதே என்ற சொல். கழுத்தில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் விரலுக்கு அதிர்வு தெரியும்.

பொருளில் இரண்டும் எதிரெதிர்க் கரைகள். 'ஐ வாஸ் லெட் டு பிலீவ்', அதிர்கிற 'லெட்', என்றால் யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த நம்பிக்கையின் வாசலில் விட்டார்கள். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்யாகிப் போயிருக்கும். "அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது, இப்போது பார்த்தால் வேறு" என்ற புகார் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்டு ஒருவர் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி, போன இடத்தில் குறைந்தால், அந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்த வாக்கியம் பொன்னுக்குச் சமம். பொய் சொன்னார் என்று நேராகச் சொல்லாமல் முழுப் பழியையும் எதிர்ப்பக்கம் நகர்த்திவிடும்.

'ஹீ லெட் மீ பிலீவ்', வெட்டி நிற்கிற 'லெட்', என்றால் நானாகத்தான் தவறாக நினைத்துக்கொண்டேன். அவருக்கு உண்மை தெரியும். திருத்தவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தார். நினைக்கவைத்தது ஒன்று, நினைக்கவிட்டது இன்னொன்று. 'வைத்தது', 'விட்டது' என்ற அந்த இரண்டு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் வழுக்காது.

'ஹீ வுட் ஹேவ் அஸ் பிலீவ்' என்றால் நம்பினோமா, நம்பவில்லையா?

நம்பவில்லை. "நாம் நம்பவேண்டும் என்று அவருக்கு ஆசை, நடக்காது" என்பதுதான் அதன் சுருக்கம். ஆங்கிலப் பத்திரிகைகளின் தலையங்கங்களில் இது வந்தால் அடுத்த வரியில் அடி விழப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் எல்லோரும் 'நம்பவைத்தார்' என்றே மொழிபெயர்க்கிறார்கள்.

'மேக் பிலீவ்' என்றால் நம்பவைப்பதுதானே?

இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் பாவனை என்று பொருள். சிரட்டையில் மண்ணை நிரப்பிப் பிள்ளைகள் சோறு சமைக்கிறார்களே, அது.

"ரப்பர் விலை ஏறுமாம்" என்பதில் உள்ள 'ஆம்' ஆங்கிலத்தில் எங்கே?

நல்ல கேள்வி, மார்த்தாண்டத்திலிருந்து வரும் ஒரு ரப்பர் வியாபாரியின் மகன் கேட்டது. தமிழில் ஒரே ஓர் 'ஆம்' போதும். இது என் கருத்து இல்லை, யாரோ சொன்னது, உண்மைக்கு நான் பொறுப்பில்லை என்ற மூன்றையும் அது சொல்லிவிடும். குரலை ஒரு சுழி சுழித்தால் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்ற நான்காவதும் சேரும். ஆங்கிலத்தில் இப்படி ஒரு வால் கிடையாது. அங்கே ஒரு தனிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

'அப்பாரென்ட்லி' என்பது ஏறத்தாழ நம் சாதாரண 'ஆம்'. 'சப்போஸட்லி' என்பது உதட்டைப் பிதுக்கிச் சொல்லும் 'ஆம்'. 'அலெஜட்லி' போலீஸ் செய்தியில் வரும் 'கூறப்படுகிறது'. குற்றம் நிரூபணமாகும்வரை பத்திரிகையைக் காப்பாற்றும் சொல். 'த பிரைஸ் இஸ் செட் டு பீ ரைசிங்' என்றால் 'ஏறுவதாகச் சொல்கிறார்கள்'. 'செட்' என்று நான் எழுதுவது சொன்னதைக் குறிக்கும் 'செட்', தோசை செட் அல்ல.

பாதிக் கேள்விகளுக்கு இதுவே விடை. நான் இதை நம்புகிறேனா, பிறர் தலையில் போடுகிறேனா என்பதை நாம் வாக்கியத்தின் வாலில் வைக்கிறோம்: ஆம், ஆக, என்று, போல. ஆங்கிலக்காரர் அதை வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே வைத்துவிடுகிறார். நமக்கு வினை சும்மா ஒரு வினை என்று தோன்றுவதால், கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறோம். அவர்கள் காதில் அது ஒரு தீர்ப்பாகப் போய் விழுகிறது.

தேர்வுக் கடிதத்தில் 'த பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்' என்று இருக்கிறது. நோயாளி எதற்காக மறுக்க வேண்டும்? யார் குற்றம் சாட்டினார்கள்?

நோயாளியின் குறிப்புகளைப் படித்து மருத்துவருக்குக் கடிதம் எழுதும் தேர்வு இது. எல்லா நர்சுகளும் இதில் திகைக்கிறார்கள், நியாயம்தான். அன்றாட ஆங்கிலத்தில் 'டினை' என்றால் குற்றச்சாட்டை மறுப்பது. மருத்துவக் குறிப்பில் மட்டும் அதற்கு வாடகைப் பொருள்: "நெஞ்சு வலி உண்டா என்று கேட்டோம், இல்லை என்கிறார்." அதேபோல 'கம்ப்ளெயின்ஸ் ஆஃப்' என்றால் நோயாளி முறைப்பாடு செய்யவில்லை, வலியைச் சொல்கிறார்.

ஆனால் 'கிளெய்ம்ஸ்' என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். "வயிறு வலிப்பதாகச் சொல்கிறார்" என்பதை 'ஹீ கிளெய்ம்ஸ் டு ஹேவ் அப்டாமினல் பெயின்' என்று ஒரு மாணவி எழுதினாள். தமிழில் அதை எழுத வேண்டுமானால் "வயிறு வலியாம்!" என்று வரும். நோயாளியை நம்பாத நர்சு என்று கடிதம் பெறுகிற மருத்துவர் நினைப்பார். 'ரிப்போர்ட்ஸ்', 'ஸ்டேட்ஸ்', 'செஸ்' மூன்றும் யார் பக்கமும் சாயாதவை. 'அட்மிட்ஸ்' என்றால் தப்பை ஒப்புக்கொள்கிறார். மாத்திரை சாப்பிட மறந்ததற்கு அது பொருந்தும், மூட்டு வலிக்குப் பொருந்தாது. 'இன்சிஸ்ட்ஸ்' என்றால் நாம் வேறு சொல்லியும் அவர் விடவில்லை. தேர்வில் கடிதத்துக்குக் கிடைப்பது, குறிப்புகளைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து, 45 நிமிடம். அதில் ஒரு நிமிடத்தை இந்த ஒற்றைச் சொல்லுக்கு ஒதுக்கினால் வீணாகாது.

'தாட்', 'ரியலைஸ்டு' இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லை.

தமிழிலேயே இருக்கிறது. "களியக்காவிளை பஸ் போய்விட்டதாக நினைத்தான்", "களியக்காவிளை பஸ் போய்விட்டதை உணர்ந்தான்". முதல் வாக்கியத்தில் பஸ் இன்னும் நிலையத்திலேயே நிற்கலாம். இரண்டாவதில் பஸ் போய்விட்டது, சந்தேகமே இல்லை. 'போய்விட்டதாக' என்றால் அது அவன் நினைப்பு மட்டும். 'போய்விட்டதை' என்றால் சொல்லும் நானும் அதற்குச் சாட்சி.

'தாட்', 'பிலீவ்டு', 'அஸ்யூம்டு', 'வாஸ் அண்டர் த இம்ப்ரெஷன்' ஆகியவை 'தாக' வகை. 'ரியலைஸ்டு', 'நியூ', 'நோட்டீஸ்டு', 'டிஸ்கவர்டு' ஆகியவை 'தை' வகை. ஒருவர் தவறாக எண்ணினார் என்று எழுத வந்து 'ஹீ ரியலைஸ்டு தட் ஹிஸ் ஒய்ஃப் வாஸ் ஆங்ரி' என்று போட்டால், மனைவிக்கு நிஜமாகவே கோபம் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கிறீர்கள்.

'ஐ டவுட்' என்றால் சந்தேகப்படுகிறேன்தானே?

சந்தேகம்தான், ஆனால் எதிர்த்திசையில். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சம்பளக் கோப்பு ஓர் அலுவலகத்தில் காணாமல் போய்விட்டது. அங்கே இருந்த எழுத்தர்தான் தொலைத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் மனு எழுதினேன்: 'ஐ டவுட் தட் த கிளார்க் ஹேஸ் லாஸ்ட் மை ஃபைல்'. அந்த எழுத்தர் என்னைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு, "நீங்களாவது என்னை நம்புகிறீர்களே, டீச்சர்" என்றார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, அவர் தொலைத்திருக்கமாட்டார் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

'ஐ டவுட் ஹீ டிட் இட்' என்றால் அவர் செய்திருக்கமாட்டார் என்பது என் எண்ணம். 'ஐ சஸ்பெக்ட் ஹீ டிட் இட்' என்றால் செய்திருப்பார் என்பது என் எண்ணம். தமிழில் "சந்தேகப்படுகிறேன்" பெரும்பாலும் இரண்டாவதைத்தான் குறிக்கிறது. "நோயாளிக்கு டெங்கு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம்" என்பதற்கு 'டவுட்' எழுதினால், டெங்கு இல்லை என்று மருத்துவர் நிம்மதியாகிவிடுவார். இது விளையாட்டுக் காரியம் இல்லை. 'சஸ்பெக்டட் டெங்கு' என்பதுதான் வழக்கு.

வகுப்பில் கை தூக்கி 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதையும் வெளிநாட்டில் விட்டுவிடுங்கள். அங்கே அதற்கு "நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்ற வாடை அடிக்கும். 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' போதும்.

"அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்" என்பதை ஆங்கிலேயர் ஏன் "வருவார் என்று நான் நினைக்கவில்லை" என்கிறார்கள்?

மறுப்பை முன்னாலேயே சொல்லி, அதைத் தன் நினைப்பின் மேல் ஏற்றிக்கொள்வது அவர்கள் பழக்கம்: 'ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்'. 'ஐ திங்க் ஹீ வோன்ட் கம்' தவறில்லை, ஆனால் காதுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். 'திங்க்', 'பிலீவ்', 'சப்போஸ்', 'எக்ஸ்பெக்ட்' நான்குக்கும் இது உண்டு. 'ஹோப்' மட்டும் சேராது. 'ஐ ஹோப் ஹீ வோன்ட் கம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

'ஹவ் டூ யூ திங்க் அபவுட் திஸ்?'

'வாட் டூ யூ திங்க்'. தமிழில்கூட "என்ன நினைக்கிறீர்கள்" என்றுதானே கேட்கிறோம்? இந்த 'ஹவ்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ!

'ரிமெம்பர்', 'ரிமைண்ட்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

நம் ஊர்ச் சொல்லில் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர்மை, அதாவது ஞாபகம், தானாக வந்தால் 'ரிமெம்பர்'. இன்னொருவர் ஓர்மைப்படுத்தினால் 'ரிமைண்ட்'. சென்னைப் பிள்ளைகள் 'ஓர்மை' என்றால் விழிக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் மலையாளத்தில் 'ஓர்ம' என்று இருக்கிறது. 'ப்ளீஸ் ரிமெம்பர் மீ டு டேக் த டேப்லட்' என்பது தவறு, 'ரிமைண்ட் மீ' என்பது சரி. ஆனால் 'ரிமெம்பர் மீ டு யுவர் மதர்' என்றால் முழுக்கச் சரி: "அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று பொருள். இதைக் கேட்டு ஒருத்தி, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என் பெயரை ஞாபகப்படுத்தினாளாம்.

'ரிமைண்ட்ஸ் மீ ஆஃப்' இன்னொரு வகை. யாரும் எதையும் செய்யவேண்டியதில்லை. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாசம் வரும்போது இறந்துபோன பாட்டி நினைவுக்கு வருகிறாரே, அந்த வாசம்தான் எழுவாய். பொருள்கள் நம்மை நினைக்கவைக்கும் வாக்கியங்களை ஆங்கிலம் கூச்சமில்லாமல் எழுதும். நமக்கு 'வாசம் என்னை நினைக்கவைத்தது' கொஞ்சம் செயற்கை. 'வாசம் வந்தது, பாட்டி நினைவு வந்தது' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

இம்ப்ளை, இன்ஃபர்?

உணர்த்துவது 'இம்ப்ளை', உணர்வது 'இன்ஃபர்'. சொல்கிறவர் உணர்த்துகிறார், கேட்கிறவர் உணர்கிறார். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார், ஒன்று பொருட்பாலில், ஒன்று காமத்துப்பாலில். இரண்டிலும் அறிகிறவர்தான் நாயகர், அதாவது 'இன்ஃபர்' பக்கம். 'வாட் ஆர் யூ இன்ஃபரிங்?' என்று சண்டையில் கேட்பவர்கள் உண்டு, கேட்கவேண்டியது 'இம்ப்ளையிங்'.

'டோன்ட் புட் வேர்ட்ஸ் இன் மை மவுத்' என்றால் என்ன? வாயில் எப்படிச் சொல்லைப் போடுவது?

"நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாதே." அவ்வளவுதான். அதன் அக்கா ஒன்று உண்டு: 'யூ டுக் த வேர்ட்ஸ் அவுட் ஆஃப் மை மவுத்'. "நான் சொல்ல வாயெடுத்தேன், நீ சொல்லிவிட்டாய்" என்ற மகிழ்ச்சி அது. போடுவது குற்றம், எடுப்பது உறவு.

வாயை விட்டுத் தலைக்கு வந்தால் 'புட்டிங் ஐடியாஸ் இன்டு ஹிஸ் ஹெட்'. அதற்கு நம்மிடம் ஒரு கூடை நிறையச் சொற்கள் இருக்கின்றன. ஓதிவிட்டார்கள், தூபம் போட்டார்கள், காதில் ஊதினார்கள், உருவேற்றினார்கள், மனைவி சொன்னால் தலையணை மந்திரம். கவனித்தீர்களா, ஆங்கிலத்தில் எண்ணம் ஒரு பொருள், தலை ஒரு பெட்டி. திறந்து வைத்துவிட்டுப் போகலாம். நம்மிடம் அது மந்திரம், புகை, காற்று. மெல்ல மெல்ல உள்ளே இறங்குவது. அதனால் 'ஹூ புட் தட் இன் யுவர் ஹெட்?' என்பதை "யார் உன் தலையில் வைத்தார்கள்?" என்று மொழிபெயர்க்காதீர்கள். பூவா வைப்பதற்கு? "யார் உனக்கு ஓதிவிட்டது?" என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

பேச்சுத் தேர்வில் 'ஐ நோ ஹவ் யூ ஃபீல்' என்றேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஆறுதல்தானே சொன்னேன்?

ஆறுதல்தான், ஆனால் அவர் மனதுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்துவிட்டீர்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டால் பதில் இருக்காது. வெளியே நின்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: 'ஐ கேன் சீ திஸ் இஸ் வொரியிங் யூ', 'இட் சவுண்ட்ஸ் அஸ் இஃப் யூ ஹேவ் ஹேட் எ டிஃபிகல்ட் வீக்'. இதுவும் நமக்குப் புதிதில்லை. "ரொம்பக் கவலையாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று நம் வார்டுகளில் சொல்கிறோமே, அந்தப் 'போலிருக்கிறது'வின் ஆங்கிலம்தான் 'இட் சவுண்ட்ஸ் அஸ் இஃப்'.

"எனக்குத் தோன்றுகிறது" என்பதற்கு 'ஐ திங்க்' தவிர வேறு எதுவும் இல்லையா? தோன்றுவதும் நினைப்பதும் ஒன்றில்லையே?

ஒன்றில்லை. நினைப்பது நாமாகச் செய்வது, தோன்றுவது நமக்கு வந்து நேர்வது. "நான் தோன்றினேன்" என்று சொன்னால் பேய்க்கதை ஆகிவிடும். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு அருகில் வருபவை 'இட் ஸீம்ஸ் டு மீ', 'இட் அக்கர்டு டு மீ', சட்டென்று உறைத்தால் 'இட் ஸ்ட்ரக் மீ'. 'அக்கர்டு' சொல்லும்போது ஆள் வெறுமனே இருப்பார், எண்ணம்தான் நடந்து வரும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் நம்மிடம் இருப்பதைப் போலவே தெளிவாக இருந்தது. தோன்றுவதற்கு ஒரு வினை, நினைப்பதற்கு ஒரு வினை, இரண்டும் ஒலியில் அக்கா தங்கைகள். காலப்போக்கில் இரண்டும் ஒரே 'திங்க்' ஆகக் கலந்துவிட்டன. தோன்றுவதற்கான வினை ஒரே ஒரு கூட்டில் மட்டும் ஒளிந்து தப்பித்தது: 'மீதிங்க்ஸ்'. பார்ப்பதற்கு 'மீ' என்பதும் 'திங்க்' என்பதும் சேர்ந்து 'நான் நினைக்கிறேன்' போல இருக்கும். உண்மையில் அந்த 'மீ' நம்முடைய நான்காம் வேற்றுமை, 'எனக்கு'. 'மீதிங்க்ஸ்' என்றால் அப்படியே 'எனக்குத் தோன்றுகிறது'.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. 'திங்க்' என்ற வினையே 'தோன்று' என்பதன் பிறவினையாகப் பிறந்தது, 'தனக்குத் தோன்றச்செய்வது' என்பதே அதன் ஆதிப்பொருளாக இருந்திருக்கும் என்று சொற்பிறப்பு அறிந்தவர்கள் கருதுகிறார்கள். நம்மிடம் உருள்-உருட்டு, திருந்து-திருத்து என்று இணைகள் உண்டு. வி, பி என்று பிறவினை விகுதிகளை நன்னூலும் தனியே சொல்கிறது. ஆங்கிலத்திலும் அந்த இனம் ஒரு காலத்தில் தழைத்தது. அதன் மிச்சம்தான் 'சிட்', 'செட்', 'லை', 'லே', விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்த 'ஃபெல்'. அந்தக் கணக்கில், நினைப்பவன் தன்னையே நினைக்கவைத்துக்கொள்கிறவன்.

அப்படியென்றால் தேர்வில் 'மீதிங்க்ஸ்' எழுதலாமா, டீச்சர்?

கூடாது.